சில்வர் பெயின்டுக்கு அடியில் சிவப்பு

அண்ணா,

முந்தாநாள் மதியம் புதுசாக வந்த பிட்டர் பாஷா பாய் ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து, சில்வர் பெயின்ட் டப்பாவின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தார். தோல் தொழிற்சாலையில் இருபது வருஷம் இருந்தவளுக்கு மூக்கு என்ற ஒன்றே இருக்கக் கூடாது. சுண்ணாம்பு, ஆசிட், ஊறுகிற பச்சைத் தோல் எதுவும் எனக்கு இப்போது தெரிவதில்லை. இந்த வாசனை மட்டும் இன்னும் தெரிகிறது. மறுநாள் ஆயுத பூஜை. துடைத்து, கழுவி, பெயின்ட் அடித்து, பொட்டு வைக்கும் வழக்கம் ஆம்பூரில் எந்தத் தொழிற்சாலைக்குத்தான் இல்லை?

"அக்கா, சங்கிலிங்கள எடுத்து வெளிய போடுங்க. ரெண்டு கோட்டு அடிச்சி மாட்டிடறேன்" என்றார் பாஷா பாய். பாவம், அவர் நம் தொழிற்சாலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் போட்ட சத்தத்தில் தோல் சுற்றும் டிரம்களை ஓட்டுகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

என் சத்தம் உங்களுக்குப் பழக்கம்தான். நீங்கள் நம்மிடம் பாரம் தூக்கும் வேலைக்கு வந்த முதல் வாரமே சண்டை போட்டோம். நீங்கள் கேட்ட சங்கிலியை எடுத்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு போகாமல் ஸ்டோர் வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, பூ தொடுக்கிறவள் மாதிரி ஒவ்வொரு கண்ணியாக விரலில் ஓட்டிப் பார்த்தீர்கள். நடுவில் வெர்னியரை எடுத்துக் கண்ணியின் தடிமனை அளந்தீர்கள். பின்னால் நாலு பேர் கையுறைக்கும் நட்டுக்கும் காத்திருந்தார்கள். "சங்கிலிக்குப் பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டேன். "ஆமா ஸ்டோரம்மா, தலைக்கு மேல தொங்கப் போறது. பாக்காம கட்டிக்க முடியுமா?" என்றீர்கள். அன்றிலிருந்து நான் ஸ்டோரம்மா. என் பெயரை நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

சங்கிலியின் வளையத்தில் ஒரு சின்னத் தகடு தொங்கும், எத்தனை டன் தாங்கும் என்று எழுதி. கையில் குத்துகிறது என்று ஆட்கள் அதைப் பிய்த்துப் போட்டுவிடுவார்கள். தகடு இல்லாத சங்கிலியை நீங்கள் தொட மாட்டீர்கள். "தகடு இல்லாத சங்கிலி ஆதார் இல்லாத ஆளு மாதிரி. நல்லவனாத்தான் இருப்பான், ஆனா எவன் நம்புவான்?" நீளம் ஜாஸ்தி என்று ஒருவன் சங்கிலியில் முடிச்சுப் போட்டதற்கு, அவனை அன்று முழுக்க வேலை செய்ய விடாமல் உட்கார வைத்தீர்கள். எனக்கு அதெல்லாம் ஜம்பமாகத் தெரிந்தது. ஒரே வளையத்திலிருந்து ரெண்டு காலாகத் தொங்கும் சங்கிலியை ரொம்ப விரித்து மாட்டினால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, என் ரெண்டு கையிலும் கிரீஸ் டப்பாவைக் கொடுத்தீர்கள். "கைய தொங்க விடு. கஷ்டமா இருக்குதா? இப்ப பக்கவாட்டுல நீட்டு." எண்ணி முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும் போல இருந்தது. "அதே டப்பாதான். வெயிட்டு ஏறல, கைதான் விரிஞ்சிது. சங்கிலி காலுக்கும் இதே பேஜார்தான்." டப்பாவை உங்கள் காலில் போட்டிருப்பேன், தப்பித்தீர்கள்.

கேலி இதோடு போதும். அந்த ரெண்டு சங்கிலிகளுக்கு வருகிறேன்.

ஒரே நாளில் வாங்கியவை, ஒரே நீளம், ஒரே தடிமன். ஒன்று ஸ்டோரில் ஆணியில் தொங்கியது. இன்னொன்றை, ஸ்டோர் வரைக்கும் நடக்க உடம்பு வணங்காதவர்கள், ஆசிட் டிரம்முக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாசக்கணக்கில் மாட்டி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த அன்று உங்களுக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "இந்த மாதிரி உறுதியான இரும்ப ஆசிட் ஆவி உள்ளுக்குள்ளயே திங்கிற முறுக்காட்டம் ஆக்கிடும்மா. நீளாது, வளையாது, சொல்லாம கொள்ளாம படக்குனு உடையும்" என்றீர்கள். கழித்ததற்கு அடையாளமாக, மேல் வளையத்தை ஒட்டிய கண்ணிகளில் சிவப்புப் பெயின்டைப் பூசி என் மேசையில் போட்டீர்கள். "கேஸ் கட்டர் எடுத்துட்டு வர்றேன். துண்டு துண்டா வெட்டிடலாம்."

வெட்டக் கூடாது என்று சொன்னது நான். கழிக்கிற சாமானுக்கு மேனேஜர் கையெழுத்து வர வேண்டும், அதுவரைக்கும் முழுசாக இருக்க வேண்டும், அதுதான் ஸ்டோர் முறை என்றேன். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "முழுசா இருந்தா எவனாவது ஒருத்தன் தூக்குவாம்மா." கையெழுத்து வரவில்லை. சங்கிலி மூலையில் கிடந்தது. நான் அதைக் கேட்டு மேனேஜர் அறைக்கு ஒரு தடவை போனேன். இரண்டாவது தடவை போகவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு நீங்கள் ஊரில் இல்லை. பேரனுக்கு மொட்டை போட அண்ணியோடு சோளிங்கர் போயிருந்தீர்கள். பூஜைக்கு மறுவாரம் வெளிநாட்டு ஆட்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறார்கள், ஸ்டோர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்றார் மேனேஜர். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பேனர், ஜாக்கி, செயின் பிளாக், மூலையில் கிடந்தது, ஆணியில் தொங்கியது, எல்லாவற்றையும் முற்றத்தில் அள்ளிப் போட்டு அடிக்கச் சொன்னேன். தகட்டின் மேலும் அடித்தார்கள். சிவப்பின் மேலும் அடித்தார்கள். காய்ந்ததும் நானே சந்தனமும் குங்குமமும் வைத்து, ரெண்டு சங்கிலியையும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். வரிசையாகப் பளபளவென்று தொங்கியதைப் போனில் படம் வேறு பிடித்தேன்.

விடுமுறை முடிந்து திறந்த காலை சுண்ணாம்பு டிரம்மின் கியர்பாக்ஸ் உடைந்தது. உள்ளே தோல். டிரம் சுற்றாமல் நின்றால் மத்தியானத்துக்குள் தோல் கெட்டுவிடும் என்று மேனேஜர் குதித்தார். நீங்களும் மொட்டை போட்டிருந்தீர்கள். தலையில் சந்தனம் காயாமல், கியர்பாக்ஸைத் தூக்கி இறக்கச் சங்கிலி கேட்டு ஸ்டோருக்கு வந்தீர்கள். நான் ஆணியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னாம்மா இது, கல்யாணப் பொண்ணாட்டம் பூசி வெச்சிருக்க? உள்ள இன்னா கீதுன்னு எப்படித் தெரியும்? டீசல் குடு, பிரஷ் குடு. ஒரு மணி நேரம், சுத்தமா சுரண்டிட்டு எடுத்துட்டுப் போறேன்."

வெளியே மேனேஜர் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். நான் அழகாக அடுக்கி வைத்ததை நீங்கள் சுரண்டப் போகிறேன் என்றது எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்ன வார்த்தை எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "கழிச்சத தனியா வெச்சிருக்கேண்ணா. இது நல்லது. எம் பேரு மேல நம்பி எடுத்துட்டுப் போங்க."

தனியாக வைக்கவில்லை. வைத்ததாக நினைத்தேனா, அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேனா என்று இந்த மூன்று வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நினைக்கவே இல்லை என்பதுதான் நிஜம்.

"உம் பேரு மேலயா? சரி" என்று தோளில் போட்டுக்கொண்டு போனீர்கள். யார் வார்த்தையையும் நம்பாத மனுஷன் அந்த ஒரு நாள் மட்டும் என்னை நம்பித் தொலைக்க வேண்டுமா?

பாரத்துக்குக் கீழே நீங்கள் ஒருநாளும் நின்றதில்லை, அன்றும் நிற்கவில்லை. தள்ளி நின்றுதான் பாரம் ஏற்றும் செயின் பிளாக்கை இழுத்தீர்கள். ஒரு கண்ணி உடைந்து சங்கிலியின் ஒரு கால் விட்டுப் போக, கியர்பாக்ஸ் மறு காலில் தொங்கி ஊசலாடி வந்து உங்கள் இடது காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. எனக்குச் சத்தம்தான் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் டிரம் ஓட்டுகிற கரீம் பாய் உங்கள் தலையை மடியில் வைத்திருந்தார். வேலூரில் முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

நாலாம் நாள் மேனேஜர் விபத்துப் புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்டோர் ஆள் என்று என்னையும் கூட்டி வந்தார். ஏற்கெனவே எழுதிக் கொண்டுவந்ததை உங்களுக்குப் படித்துக் காட்டினார்: "கழிக்கப்பட்ட சங்கிலியைத் தொழிலாளி தாமே தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தியதால் விபத்து நேர்ந்தது." நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். இப்போது என்னைக் காட்டுவார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். நீங்கள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "பொண்ணுங்களுக்கு காலாண்டு பரீட்சை மார்க் வந்துதா?" என்று கேட்டீர்கள். வந்தது என்றேன். மேனேஜர் புத்தகத்தை மூடினார்.

உங்களை யார் கேட்டது? கேட்கிறேன், சொல்லுங்கள். புருஷன் இல்லாமல் ரெண்டு பெண்களை வைத்துக்கொண்டிருக்கிறாள், வேலை போனால் தெருவில் நிற்பாள் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் கொடுத்தீர்கள், நான் வாங்கிக்கொண்டேன். அதை எந்தத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது?

வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் பெரிய டிரம் தூக்க வேண்டுமென்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கால் இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்து, சங்கிலியைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். ஒருவரும் கூப்பிடவில்லை. "கழிச்ச சங்கிலிகூடத் தெரியாத ஆளு, வெறும் பந்தா" என்று டீக்கடையில் பேசினார்கள். நீங்கள் அதே கடையில் ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று கரீம் பாய் சொன்னார். மூன்று வருஷத்தில் நான் உங்கள் வீட்டுக்கு வந்தது ரெண்டே தடவை. ரெண்டாவது தடவை நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "ஸ்டோரம்மா, அந்த இன்னொரு சங்கிலிய சுரண்டிட்டியா?" சுரண்டிட்டேண்ணா என்றேன். "தகட்டையும்?" தகட்டையும். "அப்ப சரி" என்று டீவியைப் பார்க்க ஆரம்பித்தீர்கள்.

இந்த ஆடியில் நீங்கள் போய்விட்டீர்கள். சர்க்கரை, ஆறாத புண், காய்ச்சல் என்றார்கள். காரியத்தன்று அண்ணி ஒரு மஞ்சப்பையை என் கையில் கொடுத்தார். "இத உங்கிட்ட குடுக்கச் சொன்னாரு. இன்னான்னு கேட்டேன், ஸ்டோரு சாமான்னாரு." வீட்டுக்கு வந்து பிரித்தேன். உடைந்த கண்ணி. பாதி சில்வர். மறு பாதியைக் கத்தியால் நிதானமாகச் சுரண்டியிருந்தீர்கள், அடியில் உங்கள் சிவப்பு. கரீம் பாயிடம் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டாம் நாளே நீங்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்களாம்.

ஆக, கையெழுத்துப் போடும்போது அது தலையணைக்கு அடியில் இருந்திருக்கிறது. மேனேஜர் முகத்துக்கு நேராக ஒரு தடவை நீட்டியிருந்தால் போதும், சிவப்பை மூடி மாட்டியது ஸ்டோர் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மூன்று வருஷம் வைத்திருந்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, ஒரு வரி எழுதி வைத்திருக்கக் கூடாதா? மன்னிச்சிட்டேன் என்றோ, நாசமாப் போ என்றோ. ரெண்டு மாசமாக அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். டிபன் பாக்ஸில் பட்டு அது சத்தம் போடும்போதெல்லாம் உங்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

முந்தாநாள் பாஷா பாயிடம் அந்தக் கண்ணியைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, டப்பாவை மூடிவிட்டார். நான் மேனேஜர் அறைக்குப் போய், அலமாரியிலிருந்து விபத்துப் புத்தகத்தை எடுத்தேன். உங்கள் கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. கழித்த சங்கிலிக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னது நான், நல்ல சங்கிலியோடு மாட்டியது நான், சுரண்டிவிட்டு எடுத்துப் போகிறேன் என்று அவர் கேட்டும் நல்லது என்று சொல்லிக் கொடுத்தது நான் என்று எழுதி, என் முழுப் பெயரைப் போட்டேன்.

"ஏம்மா, ஆறிப்போன விஷயம். ஆளே போய்ட்டாரு. இப்ப எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"அவரு வந்து சொல்ல முடியாதே சார்."

திங்கட்கிழமை முதலாளியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்ளலாம். பெண்கள் ரெண்டு பேரும் இப்போது வேலைக்குப் போகிறார்கள். இந்தத் தைரியம்கூட அவர்கள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வந்ததுதான், பெருமைப்பட ஒன்றும் இல்லை.

நேற்று பூஜை முடிந்ததும் சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போனேன். பொரி கடலைப் பொட்டலத்தைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கால்மாட்டில் நின்றதையும் சொன்னேன். அண்ணி அழவில்லை, திட்டவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"மூணு வருசம் அந்தக் கடைக்குப் போய் உக்காந்து, தெரியாத ஆளுன்னு பேச்சு கேட்டுட்டு வந்து, சோறு வேணாம்னு படுத்துக்கும். இன்னான்னு கேட்டா சொல்லாது. இத நீ சொல்றதுக்கு அந்த மனுசன் சாவணுமாம்மா?"

நான் கண்ணியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அண்ணி அதைத் தொடவில்லை. கால் விரலால் என் பக்கம் நகர்த்திவிட்டார்.

"எனக்கு எதுக்கு. நீயே வெச்சிக்கோ."

வைத்திருக்கிறேன், அண்ணா.