கொடைக்கானல் பஸ்ஸில் தேர்ந்தெடுத்த உயரமானி

மலைப்பாதை நெடுக எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே எனக்குத் துணையாக வந்த என் அப்பாவுக்கு,

நீங்கள் எங்களை விட்டுப் போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. தல்லாகுளம் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி விமானத்திலிருந்து குதிக்கிறேன். இந்த முறை அம்மாவும் பார்க்க வருகிறாள். நம்ப முடிகிறதா உங்களுக்கு?

முதல் சில குதிப்புகளில் விமானத்தில் கட்டிய கயிறே பாராசூட்டை விரித்துவிட்டது. அதனால் நீங்கள் அதிகம் பேசவில்லை. எட்டாயிரம் அடியிலிருந்து குதித்து, மூவாயிரம் அடி வந்ததும் நானே இழுத்து விரிக்க வேண்டும் என்று சொன்ன அன்றுதான் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"மூவாயிரம் அடி வந்துருச்சுன்னு ஒனக்கு எப்பிடித் தாயி தெரியும்?"

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் பயிற்சி மாஸ்டர் இரண்டு உயரமானிகள் கொடுத்து, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மணிக்கட்டில் கட்டுகிறவை. ஒன்று புதுசு, சின்னது, பளபளப்பு. இன்னொன்று பெரிசு, கண்ணாடியெல்லாம் கீறல். எனக்குப் புதுசின்மேல்தான் ஆசை. நீங்கள் கையில் வாங்கி இரண்டையும் பார்த்துவிட்டு, "பொய் சொல்லுதா இல்லையான்னு மலையேறிப் பாத்துருவோம்" என்றீர்கள்.

மலைப்பாதை பஸ் என்றாலே வாந்தியெடுக்கும் மனுஷன் நீங்கள். லீவு போட்டுவிட்டு வந்தீர்கள். மதுரை பஸ் ஸ்டாண்டில் இரண்டு ஊசிகளையும் பூஜ்யத்தில் வைத்தோம். பழசை நான் கட்டிக்கொண்டேன், புதுசை நீங்கள். வத்தலக்குண்டு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பழசின் ஊசி சீராக ஏறியது. புதுசு ஒரே இடத்தில் நின்றுவிட்டு, பஸ் குலுங்கினால் சட்டென்று தாவியது.

கண்டக்டர் நம் கைகளைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுப் பெரிய வாட்ச்சு கட்டியிருக்கீகளே சார், மணி என்ன?" என்றார்.

"நாலாயிரம் அடிண்ணே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்துவிட்டீர்கள்.

மேலே போய்ச் சேர்ந்ததும் பழசு ஏழாயிரத்தை ஒட்டிக் காட்டியது. புதுசில் அதன் எண்களை வாசிக்கவே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. "கீழ விழுகும்போது நின்னு நிதானமாவா பாப்ப? பெரிசையே எடு" என்றீர்கள். அதோடு முடிவாயிற்று.

ஆனால் சாயங்காலம் மதுரையில் இறங்கியபோது பழசின் ஊசியும் பூஜ்யத்துக்கு ஒரு நூல் மேலே நின்றது. உங்கள் முகம் செத்துப்போனது. தபாலாபீசுக்குப் போய் மாஸ்டருக்கு டிரங்க்கால் போட்டோம். காலையில் இருந்த காற்றழுத்தம் சாயங்காலம் இருக்காது, அதனால் ஊசியும் கொஞ்சம் நகரும், ஒவ்வொரு முறையும் ஏறுமுன் தரையில் நின்று பூஜ்யத்தில் வைக்க வேண்டும் என்றார் அவர். மீட்டரை மட்டும் நம்பாமல் தரையையும் பார்க்கச் சொன்னார். வீடு வருகிறவரை அதையே மூன்று முறை என்னிடம் ஒப்பிக்க வைத்தீர்கள்.

குதித்த அன்று சமயநல்லூருக்கு அப்பால் பொட்டலில் நின்றீர்கள். பாராசூட்டைச் சுருட்டக்கூட விடாமல் ஓடி வந்து, "ஊசி ஒழுங்கா இறங்குச்சா?" என்றுதான் கேட்டீர்கள். "அருமையா இறங்குச்சுப்பா" என்றேன்.

உங்களிடம் மறைத்த ஒன்று உண்டு. குதித்ததும் நான் ஊசியைப் பார்க்கவே இல்லை. வைகை வெள்ளைக் கோடாகக் கிடந்தது. யானைமலை ஒரு பக்கம், கோபுரங்கள் ஒரு பக்கம், நடுவில் செல்லூர்த் தறிவீடுகளின் ஓடுகள். காற்று என்னைத் தாங்குவது போலிருந்தது. எதையும் நினைக்கத் தோன்றவில்லை. திடீரென்று உறைத்துக் கையைத் திருப்பியபோது ஊசி நாலாயிரத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. மூவாயிரத்தில் இழுத்துவிட்டேன், சரியாகத்தான் இழுத்தேன். ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பீர்களா, அல்லது ஊர் எப்படித் தெரிந்தது என்று கேட்டிருப்பீர்களா?

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அம்புட்டு அழகாவா இருந்துச்சு?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் ஊசியைப் பார்ப்பேன், பிறகுதான் ஊரைப் பார்ப்பேன். இது சத்தியம் அப்பா.

உங்கள் ஒரே மகள்,
செல்வி