மாப்பிள்ளைக்குப் போட்ட பாகுத் தேங்காய்

தை 18, ஞாயிறு.

தங்கச்சி மகளைக் கட்டின சென்னை மாப்பிள்ளை காலையிலேயே சொல்லிட்டார். "மணலூர்பேட்டையில பாக்க இன்னா இருக்குது மாமா? நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறோம்."

பொண்ணு முகம் சுண்டிப்போச்சு. அவளுக்கு இன்னும் ரெண்டு நாள் தாய்வீட்டில் இருக்க ஆசை. விடுவேனா நான்? மூணு மணிக்கு அவரை வெல்லம் காய்ச்சுற கொட்டாய்க்கு இழுத்துப்போய், கொதிக்கிற பாகில் ஒரு தேங்காயைப் போட்டேன். விருந்தாளிக்குன்னு போட்டா, அது வெந்து தின்னாம போகக்கூடாது. எங்க ஊர் வழக்கம் அது.

"இதுக்குன்னே வெள்ளைக்காரன் கப்பல் ஏறி வந்தான் மாப்பிள்ளை."

பாகு கிண்டின முனுசாமி சிரிச்சான். "எப்ப வந்தாங்க? நான் பாக்கலியே!"

"நீ தூங்கிக்கினு இருந்தே."

தேங்காய் வேகறதுக்குள்ள பஸ் போயிடுச்சு. மாப்பிள்ளை முறைச்சுக்கினே ஒரு துண்டைக் கடிச்சார். அப்புறம் அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார். முழுசும் தின்னுட்டுத்தான் கேட்டார், "நாளைக்கும் காய்ச்சுவாங்களா மாமா?"

காய்ச்சாம? முனுசாமி வரலன்னா நானே அடுப்பு மூட்டுவேன்.