இரண்டு கோப்பிலும் ஒரே தவறு

என் குணாவுக்கு,

நீ மோட்டார் விபத்தில் போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னை நினைத்து அழுதேன். போன வாரத்திலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் கேட்க நீ இல்லை. அதனால் நாலு பேர் கேட்கும்படி எழுதுகிறேன்.

செய்தி இதுதான். கான்கிரீட் வேலையில் மூன்றாம் நிலைத் திறன் சான்றிதழுக்கு நானும் விண்ணப்பித்தேன். உன்னைப் போலவே, வகுப்புக்குப் போகாமல், தளத்தில் செய்த வேலையையே கோப்பாக்கிக் காட்டும் வழி. அது கிடைத்தால்தான் அடுத்து டிப்ளோமாவுக்குப் போக முடியும். நேர்காணலில் மதிப்பீட்டாளர் அம்மையார் இரண்டு கோப்புகளை என் முன்னால் வைத்தார். ஒன்று என்னுடையது. இன்னொன்றின் அட்டையில் உன் பெயர், உள்ளே என் வரிகள், நான் எடுத்த படங்கள்.

"இது போன வருடமே வந்துவிட்டது. யாரைப் பார்த்து யார் எழுதியது?" என்று மலாயில் கேட்டார்.

பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பினார். ஜெலுத்தோங்கில் ஃபிளாட் கட்டியபோது தூணுக்கு வந்த ஒரு லோரி கான்கிரீட்டைச் சோதித்த பக்கம். முந்நூறு மில்லிமீட்டர் உயரக் கூம்பில் கான்கிரீட்டை நிரப்பி, கூம்பைத் தூக்கி, குவியல் எவ்வளவு சரிகிறது என்று அளக்க வேண்டும். நான் சரிந்த அளவை விட்டுவிட்டு, மிச்சம் நின்ற உயரத்தை எழுதித் தொலைத்திருக்கிறேன். நூறு இருக்க வேண்டிய இடத்தில் இருநூறு. இருநூறு மில்லிமீட்டர் சரிந்தால் அந்தத் தூணுக்கு அது கான்கிரீட்டா, கஞ்சியா? உன் கோப்பிலும் அதே இருநூறு.

அந்தத் தவறை நீ செய்யவே மாட்டாய். லோரித் தொட்டி சுற்றும் சத்தத்தைக் கேட்டே, "தண்ணி ஏறிருச்சு மச்சான், திருப்பி அனுப்பு லா" என்பவன் நீ. எடுத்ததைப் படித்துக்கூடப் பார்க்கவில்லையா?

"கோப்பு எப்படிக் கட்டுறதுன்னு சும்மா பாக்குறேன், குடு லா" என்று என் லேப்டாப்பை வாங்கிப் போனாயே, அப்போதா? நான் முடிக்காமல் இழுத்துக்கொண்டிருந்தேன். நீ முந்திக்கொண்டாய். சான்றிதழ் வந்த அன்று உனக்கு நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தவன் நான். கோழி இன்னொரு துண்டு கேட்டு வாங்கினாய். அது எப்படியடா தொண்டையில் இறங்கியது?

திங்கட்கிழமைக்குள் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும். தேதியோடு அசல் படங்கள் என் கைப்பேசியில் இருக்கின்றன. காட்டினால் நான் தப்பிப்பேன், உன் சான்றிதழ் ரத்தாகும். காட்டாவிட்டால் திருடன் நான். மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. செத்தவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். நீ எடுக்கும்போது ஒரு நிமிடமாவது யோசித்தாயா?

நேற்று சுங்கை பினாங்கு வீட்டுக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். உன் படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மைலோ கலக்கிக் கொடுத்தார். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நேராகச் சொல்லிவிட்டேன்.

மைலோ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "உன்கிட்ட கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பியா, தம்பி?" என்றார்.

"பக்கத்துல உக்காந்து எழுதிக் குடுத்திருப்பேன்மா. அவன் கேக்கல."

"வெக்கம்யா அவனுக்கு. 'கதிரு டக்கு டக்குன்னு எழுதுறான்மா, எனக்கு ஒரு வரி வர மாட்டேங்குது'ன்னு இங்கதான் உக்காந்து பொலம்புவான்."

என்னிடம் கேட்க வெட்கம். என்னுடையதை எடுக்க வெட்கமில்லை. இது என்ன கணக்கு?

அதற்கப்புறம் கேட்டார் பார், அதற்காகத்தான் உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை. "வேலையாவது தெரியுமா அவனுக்கு? இல்ல, அதுவும் பொய்யா?"

பெற்றவளை இப்படிக் கேட்க வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

"அம்மா, கான்கிரீட்டுல எனக்கு சந்தேகம் வந்தா நான் அவனத்தான் கேப்பேன்" என்றேன். இரக்கப்பட்டுச் சொன்ன பேச்சில்லை. உண்மை. உனக்கு வராதது எழுத்து மட்டும்தான்.

"அப்ப உள்ளத எழுது. ரெண்டையும் எழுது" என்றார். எழுந்துபோய்ச் சட்டத்தைத் தானே கழற்றி, துணியால் துடைத்து, அலமாரிக்குள் வைத்தார்.

எழுதிவிட்டேன், குணா. கோப்பு என்னுடையது என்று எழுதினேன். உன் வேலைத் திறமையை அருகில் நின்று பார்த்தவன் என்றும் எழுதினேன். அவர்கள் படிவத்தில் அதற்கு இடமில்லை, பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

உன் முதல் திவசத்துக்கு வருவேன். மாலை நான்தான் வாங்கி வருவேன், அம்மா கூடவே இருந்து வேலை பார்ப்பேன். ஆனால் உன்னோடு மட்டும் பேச மாட்டேன், கொஞ்ச நாளைக்கு.

இன்னும் உன் மச்சான்தான்,
கதிரேசன்