குளத்தின் ஆழப்பக்கம்

அண்ணா,

இன்று மதியம் பக்கத்து வீட்டுக் குளியலறையை ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். அந்தக் காரமான வாடை சுவர் தாண்டி வந்ததும், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை வாரியெடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். சாயாக்கடையில் நின்றவர்கள் தீப்பிடித்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு நீதான் தெரிந்தாய். வாயைச் சுற்றித் தோர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீரில்லாத நீச்சல்குளத்தின் ஆழப்பக்கத்தில் எனக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தாய்.

தீவிலிருந்த அந்த ஓட்டலில் வருடத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், குளத்தைக் காலியாக்கி உன்னைக் கூப்பிடுவார்கள். உளியின் மரப்பிடியால் டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவாய். பிடிப்புள்ள டைல் ‘டிக்’ என்னும். அடியில் சிமெண்ட் விட்டுப்போனது ‘டொப்’ என்னும். டொப் என்றால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி; பிறகு அதைப் பெயர்த்து வேறு ஒட்டுவாய். தரைப் பூச்சில் ஏறிய கறைக்குத்தான் ஆசிட்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரியிலிருந்து படகில் உனக்குச் சோறு கொண்டுவந்தேன். பி.எஸ்ஸி. வேதியியல், கடைசி வருடம். பரீட்சைக்கு மூன்று நாள்தான் இருந்தது. குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

“என்னத்தடி முணுமுணுக்கிற? உரக்கப் படி, எனக்கும் பொழுது போகும்.”

“உனக்கு இங்கிலீஷ் புரியுமா?”

“குளத்துக்குப் புரியும். நீ படி.”

படித்தேன். நீ ஊற்றிய அதே அமிலத்தின் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும் என்று இங்கிலீஷிலேயே இரண்டு முறை படித்தேன். காலிக் குளத்தில் என் குரல் எதிரொலித்தது. நீ தேய்ப்பதை நிறுத்தாமல் தலையாட்டினாய், இருமினாய். நான் பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தக் கேள்வி பரீட்சையில் வந்தது. பிழையில்லாமல் எழுதினேன்.

இருமல் உன்னோடே தங்கிவிட்டது. சில வருடம் கழித்து, எர்ணாகுளத்து டாக்டர் உன் நெஞ்சில் ஒரு விரலை வைத்து மறு விரலால் தட்டிக் கேட்டபோது, “எத்தனை டைல் எளகியிருக்கு சாரே?” என்றாய். அவர் சிரிக்கவில்லை. ஆசிட் வேலை எத்தனை காலமாகச் செய்கிறாய் என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். படித்தவள் சொல்லட்டும் என்பதுபோல, சாதாரணமாகத்தான். அன்றைக்காவது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நீ கண்ணை மூடும்வரை சொல்லவில்லை.

இப்போது குழந்தைக்கு மூச்சு லேசாக இழுத்தாலே அவள் முதுகில் விரல் வைத்துத் தட்டிப் பார்க்கிறேன். “உனக்கு பிராந்தா, பைத்தியமா?” என்கிறார் என் வீட்டுக்காரர். எந்தச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் தட்டுகிறேன்.

இன்றைக்குத் தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, குழந்தையைச் சாயாக்கடைச் சேச்சியிடம் கொடுத்துவிட்டு, அந்த வீட்டுக்குப் போனேன். வேலைக்கு வரும் பெண் கதவைச் சாத்திக்கொண்டு, தரையோடு தரையாகக் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டித் திறக்கவைத்தேன். ஆசிட்டின் ஆவி கீழேயே தங்கும், குனியாதே, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வா என்று மலையாளத்தில் சொன்னேன்.

“ஓ, அங்ஙனயோ சேச்சி” என்று, அப்படியா என்பதுபோல எழுந்தாள். ஜன்னலைத் திறந்தாள். முற்றத்துக்கு வந்து முகம் கழுவிக்கொண்டாள்.

அவ்வளவுதான், அண்ணா. அவ்வளவு நேரம்தான் ஆனது.

நம் வீட்டில் இப்போது எந்த ஜன்னலையும் சாத்த விடுவதில்லை. கொசு பிடுங்கித் தின்கிறது என்று அவர் சத்தம் போடுகிறார். சாத்தினால் எனக்கு உன் இருமல் கேட்கிறது.