மான்செஸ்டர் ஃபிளாட்டுக்கு எத்தனை சென்ட்?

என் லலிதா அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டோம். மற்றதெல்லாம் பிறகு, இதை முதலில் கேள். உன் மகள் மீனா நேற்று மான்செஸ்டரில் சொந்த வீட்டுச் சாவியை வாங்கிவிட்டாள். காலையில் நான் பழவங்காடிக்குப் போய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீ கண் மூடிய பிறகு ஸ்ரீவராகத்தில் இருந்த உன் வீட்டை விற்றோம். 'வற்றாத கிணறு, கார் வரும் வழி' என்று புரோக்கர் விளம்பரம் போட்டான். கார் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதை அவன் எழுதவில்லை. வாங்க வந்தவர்களோ செருப்பைக் கழற்றும் முன்பே எத்தனை சென்ட், முந்தைய ஆதாரப் பத்திரமெல்லாம் கையில் உண்டா, கரம், வரி எல்லாம் யார் பெயரில் கட்டுகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். உன் சமையலறையை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்தப் பணத்தை வைத்துத்தான் மீனா அங்கே வீடு தேடினாள். நீ அவளுக்கு விட்டுப்போனது அது ஒன்றுதானே? அது வீணாகிவிடக் கூடாதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஃபிளாட் பிடித்துப்போய், விலையும் பேசிச் சரி என்று சொல்லிவிட்டாள். மறுபடி பார்க்கப் போனபோது வீடியோ காலில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பளபளவென்று இருந்தது. நான் நம்ம ஊர்ப் புத்தியில், இதுக்கு எத்தனை சென்ட் என்று அந்த ஏஜென்டிடம் கேட்கச் சொன்னேன்.

"மானத்த வாங்காதே சித்தி. இங்க யாரு சென்ட் கணக்கு கேப்பா?"

"இங்க நம்ம கவடியார்ல ஃபிளாட் வாங்கினாலும் பூமியில ஒரு பங்கு ஆதாரத்துல எழுதறாளே, அல்லே? கேளுடி."

முனகிக்கொண்டே கேட்டாள். அவர் சாவதானமாக, பூமி வேறொரு கம்பெனியுடையது, ஃபிளாட் லீஸ்தான், இன்னும் அறுபத்திரண்டு வருஷம் பாக்கி என்றார். விளம்பரத்தின் அடியில் 'லீஸ்ஹோல்ட்' என்று ஒற்றை வார்த்தை இருந்ததாம், இவள் கவனிக்கவில்லை. முழு விலையும் கொடுத்துவிட்டு, தொண்ணூற்று மூன்று வயதில் உன் பெண் பெட்டியைக் கட்ட வேண்டுமா? லீஸை நீட்டிக்கலாமாம், அதற்குத் தனியாகப் பணம் அழ வேண்டும்.

மீனா முகம் செத்துவிட்டது. வாசலில் 'சோல்ட்' பலகையே வைத்தாகிவிட்டது, இனி என்ன செய்ய என்றாள். நானும் பயந்துபோனேன். இங்கே அட்வான்ஸ் கொடுத்துக் கரார் பத்திரம் எழுதிய பிறகு பின்வாங்கினால் கொடுத்தது போச்சு, இல்லையா? அங்கேயும் அப்படித்தான் என்றே இரண்டு பேரும் நினைத்துக்கொண்டோம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த ஊரில் வீடு வாங்கும் முறையை மூன்று நாள் போனில் படித்தேன் அக்கா. பலகையில் அந்த 'சோல்ட்'டுக்குப் பக்கத்தில் 'எஸ்டிசி' என்று மூன்று எழுத்து இருந்தது. ஒப்பந்தம் இன்னும் கைமாறவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு மாற்றிக்கொள்ளும் வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை. வக்கீலைக் கேட்கச் சொன்னேன். உங்கள் சித்தி சொன்னது சரி என்றாராம்.

விலகிவிட்டாள். பிறகு பார்த்த சின்ன வீட்டில் பூமியும் அவளுக்கே சொந்தம். விளம்பரத்தில் 'கோஸி' என்று போட்டிருந்தார்கள். காலை நீட்டினால் சுவர் இடிக்கும் என்பதை அப்படிச் சொல்வார்கள். இருக்கட்டுமே.

இப்போது என் மவுசைப் பார்க்க வேண்டும். டொராண்டோவிலிருந்து நம் பெரியப்பா பேரன் அர்த்தம் கேட்டு வீட்டு விளம்பரம் அனுப்புகிறான். கனடாவில் 'க்ளோஸிங்' என்றால் வீடு நம் கைக்கு வருகிற நாள் என்று அவனுக்கே நான்தான் சொன்னேன். துபாயில் எந்தப் பகுதியில் வெளிநாட்டுக்காரர் பூமியோடு வாங்கலாம் என்றுகூடச் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். பத்தாம் கிளாஸோடு நின்றவள் நான், கேட்டயோ?

பால் காய்ச்ச என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் உறவு என்ற இடத்தில் 'அம்மா' என்று எழுதி அனுப்பினாள். படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன். பிறகு போன் பண்ணி அதை அடித்துவிடச் சொன்னேன். 'அம்மாவின் தங்கை' என்று எழுதச் சொன்னேன். அந்த இடம் உன்னுடையது அக்கா. நான் இருக்கும் வரை அதில் யாரையும் உட்காரவிட மாட்டேன், என்னையும் சேர்த்து.

உன் தங்கை,
மீனாவின் சித்தி,
ராஜம்