பணிவுப் பரீட்சையில் தோற்றவள்

அன்பு மகன் எர்மெக்குக்கு, நரின் மலையிலிருந்து உன் அப்பா. முழங்கால் நீங்கலாக நானும் அம்மாவும் சுகம், நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பெர்மெட் எழுதுகிறாள், எதையும் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் நீ வந்து கால்நடை வைத்தியர்களுக்கு நடத்தினாயே, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லித்தரும் அறிவுப் பணிவுப் பயிற்சி, அது ஊரில் நன்றாக வேலை செய்கிறது. பெரிய வைத்தியர் அசில்பேக் நீ கொடுத்த சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எல்லோரும் அண்ணாந்து பார்க்கும்படி மாட்டியிருக்கிறார். இந்த மாவட்டத்தில் தன்னைப் போலப் பணிவானவன் கிடையாது என்று சந்தையில் ஒருவரோடு சண்டைகூடப் போட்டார்.

போன வாரம் நம் சாம்பல் குதிரை குட்டி போட முடியாமல் படுத்துவிட்டது. அசில்பேக் வந்தார். குட்டிக்குக் கால் மடங்கியிருக்கிறது, உள்ளே கையை விட்டுப் பாருங்கள் என்றேன். அவரோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது எனக்கு நல்லாத் தெரியும் பெரியவரே, அதுக்கு எங்கிட்டப் பேப்பர் இருக்கு, உங்ககிட்ட இருக்கா, இது வெறும் வயித்து வலி என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போய்விட்டார். பிறகு அவருக்குக் கீழே வேலை பார்க்கும் கனிஷாய் ஓடி வந்தாள். மாட்டுக்குப் பாத்திருக்கேன் தாத்தா, குதிரைக்குத் தெரியாது, நீங்க சொல்லுங்க, நான் செய்றேன் என்று சட்டைக் கையைச் சுருட்டினாள். இடது கால் என்றேன். இல்ல தாத்தா, வலது, கையில தட்டுப்படுது என்றாள். வலதுதான். அறுபது வருஷமாகக் குதிரை வளர்க்கிறவன், அவள் சொன்னபடி வாலைப் பிடித்துக்கொண்டேன். குட்டி பிழைத்தது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி.

அவளைத்தான் நீ பயிற்சி முடிவில் வைத்த பரீட்சையில் தோற்க வைத்திருக்கிறாய். மூன்று கேள்விக்குத் தெரியாது என்று எழுதினாளாம், நீ மூன்றுக்கும் பூஜ்யம் போட்டாயாம். தெரியாததற்கு வேறு என்ன எழுதுவது மகனே, படித்தவன் நீதான் சொல்ல வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இலையுதிர்காலத்தோடு அவளுக்கு வேலை போய்விடும், இங்கே குதிரைகள் அசில்பேக்கின் பணிவை நம்பிக் கிடக்க வேண்டியதுதான். அவள் விடைத்தாளை எடுத்து இன்னொரு தடவை பார்.

உன் பிள்ளைகள் கால் வலுத்து வளரட்டும், உன் வாசலுக்கு விருந்தாளி குறையாமல் வரட்டும். ஒன்று மறக்காதே. போன தடவை, பட்டம் வாங்கியவன் என்று, பெரிய விருந்தாளிக்கு மரியாதையாக வைக்கும் வேகவைத்த ஆட்டுத் தலையை உன் முன்னால் வைத்தோம். இந்தத் தடவை அது கனிஷாய்க்கு. காதை அறுத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்போமே, சொன்னதைக் கேட்கட்டும் என்று, அந்தக் காது இரண்டும் உனக்கு.

இப்படிக்கு, கைநாட்டு வைக்கும் உன் அப்பா,
மம்பெத்