வெள்ளிக்குள் வாப்பா வந்திருப்பார்

திங்கள்

கச்சான் காற்று. கொடியில் போட்ட துணி இன்னும் பிசுபிசுப்பு. வாப்பா சனிக்கிழமை மன்னாருக்குப் போனவர், சண்டைக் காலத்தில் விட்டுவந்த வீட்டு வளவைத் துப்புரவாக்க. நான் பிறந்தது இங்கே கரைத்தீவில். அந்த வளவைப் பார்த்ததே இல்லை. மிதிவெடியெல்லாம் எடுத்தாச்சாம். உம்மா நம்பவில்லை. நானும்தான். காணி கிடக்கட்டும், மனுசன் முழுசாக வந்தால் போதும்.

பின்னேரம் இங்கிலீஷ் கிளாஸ். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட். மண்டை காய்ந்தது. உடப்பிலிருந்து வந்து படிப்பிக்கும் சேர் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்குப் போய் நின்டு திரும்பிப் பாருங்க. வேலை முடிஞ்சு கிடக்கும். அதுதான் வில் ஹேவ்."

நான் எழுதியது: வெள்ளிக்குள் வாப்பா கிணற்றை இறைத்து முடித்திருப்பார், இன்ஷா அல்லாஹ். கடைசியில் இருந்த இன்ஷா அல்லாஹ்வைச் சேர் வெட்டினார். "வாயால சொல்லுங்க பிள்ளை. சோதினைத் தாள்ல வேணாம்."

வாயால் சொல்ல மறந்துவிட்டேன்.

செவ்வாய்

கடையில் வாங்க வேண்டியது: சவர்க்காரம், தேங்காய், பாண். வாப்பா போன் எடுத்தார். "கிணத்த ஆரோ இறைச்சிருக்காங்க மகள். தண்ணி கண்ணாடி. கயிறும் ஈரம்." அங்கே இன்னும் ஒருவரும் குடியேறவில்லை. உம்மா: "அக்கம்பக்கத்து ஆக்களாயிருக்கும்." எந்த அக்கம்பக்கம்?

பழகுவதற்காக இன்னொன்று எழுதினேன். வெள்ளிக்குள் வாப்பா முள்ளுப் பற்றையை வெட்டியிருப்பார்.

புதன்

விடிய எழும்பும்போது பற்றை வெட்டிக் குவித்துக் கிடந்ததாம். வாப்பா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இன்ஷா அல்லாஹ் இல்லாத வசனங்கள், இரண்டும்.

கிளாஸில் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். தொடங்கின வேலை அந்த நாளிலும் ஓயாமல் நடக்கும். வில் ஹேவ் பீன். இது உடனே விளங்கியது. வெள்ளி ஆகும்போது உம்மா ஒரு கிழமையாக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு உம்மா பக்கத்தில் வந்து இருந்து கொப்பியைப் பார்த்தார். "நீ எழுதுறதெல்லாம் நடக்குதெண்டா, வாப்பா வந்திட்டாரெண்டு எழுது புள்ள." ஏலாது என்றேன். அழுதார். எழுதினேன். வெள்ளிக்குள் வாப்பா வீடு வந்து சேர்ந்திருப்பார். இன்ஷா அல்லாஹ் போடப் போனேன். உம்மா கையைப் பிடித்தார். "முந்தி எழுதின மாதிரியே எழுது."

இருவரும் வாயாலும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

வியாழன்

காற்று விழுந்துவிட்டது. இலை அசையவில்லை. அஸர் தொழுதுவிட்டு முற்றம் கூட்டினேன். பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம், யாரோ தொழுகைக்குக் கைகால் கழுவி உளூ எடுப்பதுபோல். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. ஈரக்கால் தடம், படி ஏறி உள்ளே. பிறகு வாப்பாவின் இருமல். உம்மாவின் சிரிப்பு. தேத்தண்ணி ஆற்றும் சத்தம்.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடப் பார்த்தேன். திண்ணையில் கொப்பியோடு வைத்திருந்த போன் அடித்தது.

வாப்பா. பஸ் மதவாச்சியில் பழுதாகி நிற்கிறதாம். "வந்துசேர இரவாகும் மகள், இன்ஷா அல்லாஹ்." பின்னால் சிங்களத்தில் யாரோ கத்தும் சத்தம், ஹோர்ன் சத்தம். வாப்பாதான். அதே இருமல்.

முற்றத்தில் நின்றபடியே எழுதுகிறேன். உள்ளேயிருந்து உம்மா:

"ஆரு புள்ள போன்ல? வாப்பா கேக்கிறாரு."